கோலிசோடா ஊற்றிய சிங்கப்பூர் விஸ்கி

மேலூர் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "விஸ்கியில காஞ்ச திராட்சை வாசம் வருமாண்ணே?" என்று கேட்டார்.

"யாரு சொன்னா?"

"சிங்கப்பூர் மச்சான்தான். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில ஊறுனதுன்னு ரெண்டு தினுசு விஸ்கி கொண்டாந்தாரு. எது ஒசத்தி, குடிச்சுப் பாத்துச் சொல்லு மாப்ளன்னாரு."

"என்ன சொன்ன?"

"ரெண்டுலயும் கோலிசோடாவ ஊத்தி, ஊறுகாயத் தொட்டுக்கிட்டு, எல்லாம் ஒண்ணுதான் மச்சான்னுட்டேன். அவரு மூஞ்சி வாடிப்போச்சு."

பஸ் ஒத்தக்கடையைத் தாண்டியது.

"மச்சான் கருமாதி முடிஞ்சு வந்து, பாட்டில்ல மிச்சம் கெடந்தத வெறுமனே குடிச்சேன். ஒண்ணுல திராட்சை. இன்னொண்ணுல ஆரஞ்சுத் தோலு. அம்புட்டும் வந்துச்சு."

"ம்."

"ரெண்டும் வேற வேறதாண்ணே. கேட்ட ஆளுதான் இல்ல."