அடையாள அட்டை அளவில் ஒரு தீர்ப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா நீதிமன்றத் தாள் ஒன்றை நீட்டினார்.

"தம்பி, இந்தத் தீர்ப்பைச் சின்னனாக்கி லெமினேட் பண்ணித் தாங்கோ. அடையாள அட்டை அளவுக்கு."

கடைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஆற்ற தீர்ப்பு அம்மா?"

"என்ர மகன்ர. எட்டு வருசம் மறியல்ல, சிறைக்குள்ள இருந்தவன். போன வருசம் குற்றமில்லை எண்டு விட்டிட்டினம்."

"பிறகேன் இதைக் காவிக்கொண்டு திரியிறியள்?"

"கோர்ட் சொன்னதை ஆர் நம்புகினம்? வாடகைக்கு வீடு கேட்டாலும், வேலை கேட்டாலும், மறியல்ல இருந்தவன்தானே எண்டுகினம். றோட்டில பொலிஸ் மறிச்சா, அடையாள அட்டையோட இதையும் நீட்டுறான். முதல் எடுத்த கொப்பி மடிச்சு மடிச்சே கிழிஞ்சு போச்சு."

வரிசையில் நின்ற யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

கடைக்காரர் தயங்கினார். "இவ்வளவு சின்னனாக்கினா எழுத்து வாசிக்கேலாதே அம்மா."

"பரவாயில்லை தம்பி. அதை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. கோர்ட் சீல் தெரிஞ்சாப் போதும்."