என் பெயரில் ஓடிய இறால் பிறீசர்

களுவாஞ்சிக்குடி பொலிஸ் நிலையம். திகதி 2010.08.13, மு.ப. 10.20.

பெயர்: அந்தோனிப்பிள்ளை றீற்றா. வயது 39. தொழில் தையல். மதம் கத்தோலிக்கம். முகவரி: சுனாமி வீட்டுத்திட்டம், செட்டிபாளையம்.

என்மேல் போடப்பட்ட முறைப்பாடு எனக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது. கரண்ட் களவெடுத்தேன் என்பதை மறுக்கிறேன். பக்கத்து வீட்டு வினாயகமூர்த்தியின் தலையில் இறால் வாளியைக் கவிழ்த்தேன் என்பதை மறுக்கவில்லை. இரண்டையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

நானும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள் சர்மிலாவும் மேற்படி வீட்டில் வசிக்கிறோம். என் கணவரையும் கடற்கரையில் இருந்த வீட்டையும் 2004இல் கடல் கொண்டுபோனது. கூடாரத்திலும் அதன் பின்பு முகாமிலும் இருந்து, சண்டை ஓய்ந்த பின்புதான் இந்த வீட்டுக்கு வந்தோம். இங்கே இரண்டு வீட்டுக்கு ஒரு நடுச்சுவர். வயரிங் செய்த கொந்தராத்துக்காரர் இரண்டு வீட்டு மீற்றர்களையும் அந்தச் சுவரின் முன்பக்கத்திலேயே அருகருகே பூட்டினார். இலக்கம் காட்டுகிற, சிவப்பு வெளிச்சம் மின்னுகிற புது மீற்றர்கள். இடப்பக்கத்தில் என் பெயர், வலப்பக்கத்தில் வினாயகமூர்த்தியின் பெயர்.

கடந்த தை மாதம் வினாயகமூர்த்தி இறால் வியாபாரத்துக்கு, இறாலை உறையவைக்கிற பெரிய பிறீசர் ஒன்று வாங்கினார். அதன் பின்பு வந்த பில்லில் என் யூனிற் பல மடங்கு ஏறியிருந்தது. என் வீட்டில் இருப்பது இரண்டு பல்ப், ஒரு றேடியோ, துணி தேய்க்கிற ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி. தையல் மெஷின் காலால் மிதிப்பது. வினாயகமூர்த்தி வயரிங் தெரிந்தவர் என்பதால் அவரிடம் கேட்டேன். "புது மீற்றர் அப்பிடித்தான் புள்ள, சும்மா சும்மா கண்ணச் சிமிட்டும். மெயின நிப்பாட்டிப்போட்டு மகளக் குப்பி விளக்குல படிக்கச் சொல்லு" என்றார்.

நானும் நம்பி அப்படியே செய்தேன். பிள்ளையின் மூக்கெல்லாம் கரி. மெயினை நிப்பாட்டியும் மீற்றர் ஓடியது. அவர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, பாவம் என்று எங்களுக்காக இரங்கினார். அந்தக் கோப்பையைப் பிறகு உடைத்துவிட்டேன்.

மின்சார அலுவலகத்தில் கேட்டபோது மீற்றரில் பிழை இல்லை என்றார்கள். எரிக்காத கரண்டுக்குக் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பின்பு ஆடி அமாவாசைக்கு வினாயகமூர்த்தி குடும்பத்தோடு அமிர்தகழிக் கோயிலுக்குத் தீர்த்தமாடப் போயிருந்த நேரம், வேலையாட்கள் வந்து என் பெயருள்ள மீற்றரில் கரண்டை வெட்டினார்கள். அவர்கள் போன பின்பு பழக்கத்தில் சுவிச்சைப் போட்டேன். பல்ப் எரிந்தது. நானும் மகளும் ஆளையாள் பார்த்தோம்.

இரண்டு நாளில் பக்கத்து வீட்டிலிருந்து நாற்றம் வரத் தொடங்கியது. அதன் பின்பு வினாயகமூர்த்தி திரும்பி வந்தார். அவர் வீடு இருட்டு. இந்த இடத்தை ஐயா கவனமாக எழுத வேண்டும். தன் வீட்டில் கரண்ட் இல்லாத அந்த மனுசன் தன் பெயருள்ள மீற்றரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக என் மீற்றருக்குப் போய், "ஐயோ, வெட்டிட்டானுகள்" என்று தலையில் கைவைத்தார்.

அவர் உள்ளே போன பின்பு, மகளிடம் ஸ்திரிக்கைப் பெட்டியைப் போடச் சொல்லிவிட்டு அவருடைய மீற்றரைப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சம் படபடவென்று மின்னியது. மெயினை நிப்பாட்டச் சொன்னேன். நின்றுவிட்டது. மீற்றர் இரண்டும் சரி, வீடுதான் மாறிக் கிடந்தது. தை மாதம் தொடக்கம் அவருடைய பிறீசர் என் பெயரில் ஓடியிருக்கிறது.

அதன் பின்பு அவர் புழுத்த இறாலை வாளியோடு கொண்டுவந்து என் வாசலில் வைத்து, "நீ பில்லக் கட்டியிருந்தா இது பழுதாகுமா? இப்ப நீயே தின்னு" என்றார்.

"அண்ணன், மீற்றர் மாறிக் கிடக்கிறது ஒங்களுக்கு முதலே தெரியுமா?" என்று கேட்டேன்.

"கொந்தராத்துக்காரன் செஞ்ச பிழைக்கு நான் என்ன செய்யிற? ஒனக்கு விளங்காட்டி அது என்ட குத்தமா?" என்றார்.

சீ, இதுவும் ஒரு மனுசப் பிறவியா! ஊதிப்போன பிரேதங்களை மூக்கைப் பொத்தாமல் புரட்டிப் புரட்டி என் கணவரைத் தேடியவள் நான். அப்போது வராத அருவருப்பு இந்த ஆளைப் பார்த்து வந்தது. வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தேன். அதன் பின்புதான் அவர் இங்கே வந்து, வெட்டிய வீட்டில் லைட் எரிகிறது, கள்ளக் கரண்ட் என்று முறைப்பாடு கொடுத்தார்.

கள்ளியின் மகள் என்று சொல்கிறார்களாம். சர்மிலா இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. மார்கழியில் அவளுக்குப் பரீட்சை. என் வீட்டில் கள்ளக் கம்பி தேட வேண்டாம். என் ஸ்திரிக்கைப் பெட்டியைப் போட்டுவிட்டு, ஊர்ச் சனத்துக்கு முன்னால் அவருடைய மீற்றரைப் பாருங்கள்.

மேலே உள்ளது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதுதான் எழுதியிருக்கிறது, அத்தனையும் உண்மை. இறால் வாளிக்கு மன்னிப்புக் கேட்பதாகக் கடைசியில் ஒரு வரி சேர்க்கவா என்று எழுதிய ஐயா கேட்டார். வேண்டாம் என்றேன்.

(ஒப்பம்) அ. றீற்றா