நோர்மா மாத்திக் கொடுத்த மாவு

— தனிச் சட்டியா? கிறிஸ்துமஸ் அன்னிக்கு, என் அடுப்புல, உனக்கு மட்டும் தனிச் சட்டியா?

— சின்னதா ஒண்ணு போதும், நோர்மாக்கா. நானே கொண்டு வந்துடறேன்.

— கொண்டு வருவா மகாராணி! முந்தின நாள் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் உக்காந்து விரல் நோக கோதுமை மாவுல தொர்தெல்லினி மடிக்கிறோமே, அது யாருக்கு? இத்தாலிக்காரியா மொதேனாவுல பொறந்துட்டு, கறி வச்சு மடிச்சதை விட்டுட்டு, கோதுமை இல்லாத மருந்துக்கடை நூடுல்ஸ் தின்னப் போறியா? மருந்துக்கடையிலடீ, மிரெல்லா! இருமல் மருந்துக்குப் பக்கத்துல விக்கிறதெல்லாம் ஒரு சாப்பாடா?

— கோதுமை எனக்கு ஒத்துக்கலக்கா.

— ரத்தப் பரிசோதனை என்ன சொல்லுச்சு?

— கோதுமை குடலைக் கெடுக்கிற அந்த சீலியாக் இல்லன்னு.

— இல்லைல்ல? மேல் வீட்டுப் பையனுக்கு இருக்கு பாரு, அது சீலியாக். தெரியாம ஒரு துண்டு ரொட்டி தின்னுட்டு நாள் கணக்கா சுருண்டு கிடந்துச்சு, பாவம். அது நோய். உனக்கு வந்திருக்கிறது பவுசு.

— சீலியாக் இல்லாதவங்களுக்கும் கோதுமையில இருக்கிற குளூட்டன் ஒத்துக்காம போகுமாம். நிறையப் பேருக்கு இருக்காம்.

— நிறையப் பேர் சொல்லிக்கிறாங்க. அந்த மருந்துக்கடைக்காரியையே நிக்க வச்சுக் கேட்டேன். பத்துல ஒருத்தர் அப்படிச் சொல்றாங்களாம். எதுல கோதுமை இருக்கு, எதுல இல்லன்னு சொல்லாமக் கொடுத்துப் பார்த்தா, அதுல பெரும்பாலானவங்களுக்கு வித்தியாசமே தெரியலையாம்! எப்படி இருக்கு கதை?

— அப்போ அவங்களுக்கு வலிக்கிறது பொய்யாமா?

— வலி நிஜம்தான், காரணம் வேறயா இருக்கலாம்னு ஏதோ இழுத்தா. அவளுக்கு வியாபாரம் நடக்கணும்ல, அப்படித்தான் பேசுவா. சரி, உன் சங்கதிக்கு வர்றேன். உனக்குன்னு ஞாயிறு தவறாம அரிசி மாவுல தலியத்தெல்லே பட்டை பட்டையா வெட்டிப் பண்ணிப் போட்டேனே...

— ம்.

— அரிசியாவது மண்ணாவது! அதே கோதுமை, அதே முட்டை, அதே பலகை. உங்க அத்தான் தட்டுல என்ன விழுந்துச்சோ அதேதான் உன் தட்டுலயும் விழுந்துச்சு. வழிச்சுத் தின்னுட்டு இன்னும் கொஞ்சம் போடுன்னு தட்டை நீட்டினே. வலிக்குதுன்னு ஒரு நாள் முனகினியா?

— இல்ல.

— இல்லயாம்! சொல்ல வெக்கமா இல்ல? ஊரையே ஏமாத்திக்கிட்டு... என்னடீ, கோபம்கூட வரலையா?

— எனக்குத் தெரியும்க்கா.

— என்ன தெரியும்?

— முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு. அரிசி மாவுன்னா கடிச்சதும் பொடிஞ்சுபோகும். உன்னுது பல்லுல நின்னுச்சு. நானும் அந்தப் பலகையில மாவு தேய்ச்சு வளர்ந்தவதானே?

— தெரிஞ்சே தின்னியா! தின்னுட்டு, கூச்சமில்லாம தனிச் சட்டி கேக்குறே? நடிப்புக்கும் ஒரு அளவு வேணாமாடீ?

— டாக்டர் வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணும்னார். மாவு ஒத்துக்காததா இருக்கலாமான்னு நான்தான் கேட்டேன். இருக்கலாம், ஆனா பார்த்துடுவோம்னார். நான் திரும்பிப் போகவே இல்ல. வீட்டுக்கு வந்து ரொட்டியை நிறுத்திட்டேன்.

— நிறுத்தினதும் வலி போயிடுச்சுன்னு சொன்னியே.

— சொன்னேன்.

— போகலையா?

— உன் கோதுமையைத் தின்ன ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்கினேன். போன புதன்கிழமை ஒரே ஒரு ஆப்பிள்தான் தின்னேன், உயிர் போயிடும்போல இருந்துச்சு.

— மிரெல்லா... எங்கடீ வலிக்குது?

— அம்மா கடைசியில கையை வச்சு அழுத்திக்கிட்டே நடப்பாங்களே, அங்கதான்.

— சும்மா இரு! அம்மாவுக்கு வந்தது புத்துநோய். உனக்கு... உனக்கு மாவுதான் ஒத்துக்கல. நிறையப் பேருக்கு இருக்காம், நீதானே சொன்னே?

— நானும் அதைத்தான்க்கா வேண்டிக்கிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும், இன்னிக்காவது இந்த மாவு என் வயித்தை வலிக்க வைக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டுத்தான் உன்கிட்ட தட்டை நீட்டினேன்.