காலி ஃபைலுக்குப் பாதி டிஸ்க்

இன்ஸ்டால்காரி: இன்னைக்கும் "இடம் போதாது"ன்னுதான் வருது! இவ்வளவு பெரிய மெயின்பிரேம்... யானை கட்டற கொட்டகையில பூனைக்கு இடமில்லையா சார்?

மெஷின்காரர்: கத்தாதீங்க மேடம். உங்க டேட்டாபேஸ் என்ன லேசுப்பட்டதா? மெமரி பத்தலன்னீங்க, கொடுத்தோம். ஆபரேட்டிங் சிஸ்டம் பழசுன்னீங்க, மாத்தினோம். அப்புறம் பேட்ச் வேணும்...

இன்ஸ்டால்காரி: நானா கேக்கறேன்? அதெல்லாம் இருந்தாதான் இன்ஸ்டாலே ஆகும்.

மெஷின்காரர்: மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் இப்படித்தான். "நாங்களா எதுவும் கேக்கல..."

வரவேற்பு அக்கா: என்னப்பா சத்தம்? என் மேசை வரைக்கும் கேக்குது!

மெஷின்காரர்: உங்க மேசை கீழ் மாடியில இல்ல இருக்கு?

வரவேற்பு அக்கா: காது நல்லா கேக்கறதும் ஒரு குத்தமா?

இன்ஸ்டால்காரி: நீங்களே கேளுங்கக்கா. டிஸ்க்ல பாதியை ஒரே ஃபைல் வளைச்சுப் போட்டிருக்கு. திறந்து பாத்தா... உள்ள ஒரு எழுத்து இல்ல!

மெஷின்காரர்: அது... பின்னால தேவைப்படும்னு...

வரவேற்பு அக்கா: அடடே! பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிச்ச கதையா?

இன்ஸ்டால்காரி: அதுவும் எப்போ? நான் இங்க வந்த மறுநாள்!

வரவேற்பு அக்கா: சரி சரி... எனக்கெதுக்கு ஊர் வம்பு. நான் வரேன்.

இன்ஸ்டால்காரி: ...போயிட்டாங்களா?

மெஷின்காரர்: கதவுக்குப் பின்னால. செருப்பு தெரியுது.

இன்ஸ்டால்காரி: தெரியட்டும். இன்னைக்கு முடிக்கலன்னா எங்க கம்பெனி வேற ஆளை அனுப்பிடும். என் வேலை போச்சு. ஏன் இப்படிப் பண்ணீங்க?

மெஷின்காரர்: முடிச்சா மட்டும் என்ன? எங்க கிளை ஆபீஸுக்குக் கிளம்பிடுவ. அந்த மெஷினைப் பாத்துக்கிட்டு அங்கேயே இருக்கணுமாமே... நான் இந்த ஏசிகிட்டயா பேசிட்டு உக்காந்திருக்கறது?

இன்ஸ்டால்காரி: இதை வாயைத் திறந்து சொல்ல வரல. டிஸ்க்கை அடைச்சு வைக்க மட்டும் வருது.

மெஷின்காரர்: இப்பச் சொல்லிட்டேன்ல.

இன்ஸ்டால்காரி: கிளைக்கு என்னென்ன வேணும்னு உங்க மேனேஜர் போன வாரம் கேட்டார். மெமரி, டிஸ்க்கெல்லாம் சொல்லிட்டு, இங்க இருக்கற மெஷின்காரரும் வேணும்னேன். சரின்னுட்டார். இந்த இன்ஸ்டால் முடிஞ்சதும் அனுப்பறாராம்.

மெஷின்காரர்: அப்போ... இத்தனை நாளா நான் தடுத்துட்டிருந்தது...

இன்ஸ்டால்காரி: உங்க டிரான்ஸ்ஃபரைத்தான். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்.

மெஷின்காரர்: முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

இன்ஸ்டால்காரி: நீங்களா கேப்பீங்கன்னு இருந்தேன். அழிங்க முதல்ல.

மெஷின்காரர்: அழிச்சாச்சு.

* * *

புது மெஷின்காரர்: அப்புறம் என்னக்கா ஆச்சு?

வரவேற்பு அக்கா: என்ன ஆகும்? அன்னைக்கே இன்ஸ்டால் முடிஞ்சுது. ரெண்டு பேரும் கிளைக்குப் போயி, கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கேயே இருக்காங்க. அவரோட நாற்காலியிலதான் இப்ப நீங்க உக்காந்திருக்கீங்க.

புது மெஷின்காரர்: ஆனா இத்தனை ஆயிரம் ஃபைல்ல, காலி ஃபைல் எதுன்னு அந்த மேடம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

வரவேற்பு அக்கா: அவ எங்க கண்டுபிடிச்சா? முந்தின நாள் டீ குடிக்கறப்ப அவர் என்கிட்ட உளறினார். காலையிலேயே அவகிட்டப் போட்டுக் கொடுத்துட்டு, சத்தம் எப்ப வரும்னு மாடிப்படியிலயே நின்னேன்.