பூஜ்யம் காட்டிய மீட்டர்

சால்டரிங்கில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான், ஐயா. சூடான இரும்பில் ஈயத்தை உருக்கி, அதைக் கொண்டுபோய்க் கம்பியில் அப்புவார்கள். கம்பியைத்தான் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருகி ஓட வேண்டும். இல்லையென்றால் ஈயம் மேலே உட்கார்ந்திருக்கும், உள்ளே பிடித்திருக்காது. வெறும் கண்ணுக்குத் தெரியாது.

என் தங்கையின் கணவருக்கு இது கடைசிவரை கைவரவில்லை. தங்கை இறந்த பிறகு மாப்பிள்ளை ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். துக்கம் பேச எங்கள் இருவருக்குமே தெரியாது. அதனால் பழைய எண் குழாய்களை வைத்து ஒரு கடிகாரம் செய்யலாம் என்றேன். ஒவ்வொரு கண்ணாடிக் குழாய்க்குள்ளும் பத்து எண்களை மெல்லிய கம்பியில் வளைத்து, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருப்பார்கள். எதற்கு மின்சாரம் போகிறதோ அது மட்டும் செம்மஞ்சளாக ஒளிரும்.

"என் சால்டரப் பாருங்க மச்சான், கொசு கடிச்சு வீங்கின மாதிரி இருக்கு" என்பார். நான் சிரிப்பேன். வாரம் முழுக்க என் வீட்டில் கேட்கிற சிரிப்பு அது ஒன்றுதான். அவர் போனதும் அவருடைய நாற்காலியை உள்ளே தள்ளாமல் அப்படியே விட்டுவைப்பேன்.

கடிகாரம் முடிந்துவிட்டால் அவர் வர வேண்டியதில்லை. அதனால் அவர் போன பிறகு ஏதாவது ஒரு குழாயின் கம்பிக்காலைச் சூடாக்கி, ஈயம் உறையும்போது லேசாக அசைத்துவிடுவேன். அடுத்த வாரம் ஓர் எண் எரியாது. மின்சாரம் வருகிறதா என்று காட்டும் மீட்டரும் கையுமாக இருவரும் உட்கார்ந்து தேடுவோம். நானும் தேடுவேன். இதில் யாருக்கும் நட்டமில்லை.

பிறகு அவருக்கு இரண்டாம் கல்யாணம் பேசினார்கள். "இனிமே ஞாயித்துக்கிழம வர முடியாது மச்சான். பொண்ணு வீட்டுக்குப் போகணும்" என்றார். அன்று ஏழு மட்டும் எரியவில்லை. கடிகாரத்தை எடுத்துப்போய்த் தன் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, மீட்டரை இரவல் கேட்டார். "பிளக்கப் புடுங்கணும், ஜீரோ காட்டினா தொடலாம். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?"

நான் சொல்லிக்கொடுத்ததுதான். அந்தக் குழாய்களுக்கு அதிக வோல்ட் வேண்டும். அதைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கினாலும் குடத்துத் தண்ணீர் மாதிரி நிறைந்தே இருக்கும். அதை மெல்ல வடித்துவிட ஒரு சின்ன ரெசிஸ்டர் உண்டு. அவர் கை கழுவப் போனபோது அதன் ஒரு காலை அசைத்துவிட்டேன். இரும்பு சூடாகத்தான் இருந்தது.

மீட்டரையும் கொடுத்தேன். பழைய முள் மீட்டர். அதன் வயர் ஒன்று உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. அறுந்த வயரை எதில் வைத்தாலும் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். ஆகவே மீட்டரை நம்பும் முன் மீட்டரைச் சோதிக்க வேண்டும். நான் எப்போதும் முதலில் ஒரு பேட்டரியில் வைத்து, முள் அசைகிறதா என்று பார்த்துக்கொள்வேன். இதை மட்டும் அவருக்குச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கும்?

லேசாக ஒரு கரண்ட் அடி வாங்கி, இது நமக்கு ஆகாது என்று திரும்பி வருவார் என்றுதான் நினைத்தேன். அன்று காலை கெப்பாசிட்டரைப் பெரியதாக மாற்றியதும் நான்தான். வெளிச்சம் சீராக இருக்கட்டுமே என்று.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். மேசைமேல் கவிழ்ந்து கிடந்தாராம். "டாக்டர் வந்து பாத்துட்டாரு சார். உயிர் இல்ல" என்றார்.

அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. அந்த மீட்டருக்கு நல்ல வயர் ஒன்று என் மேசை டிராயரில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை.