வீட்டுக்குள் பிழைத்த கடல்

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான், உப்புத் தண்ணீர் ஊறும் காட்டில் போர்வெல் போட்டு, சுத்திகரிக்கிற பிளாண்டு கட்டி, கேன் வண்டிகள் ஓட விட்டவன். நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், ராஜபாளையத்து வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் கணவனும் மனைவியும் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நம்ம கடல் பொழைச்சிருச்சு. பவளம் விரிஞ்சிருக்கு பாருங்க,” என்று அவள் போனை நீட்டினாள்.

“தண்ணி கொறையக் கொறைய உப்புக் கரைச்சு ஊத்துனது யாரு ஏட்டி?”

“அதுலதான் அது சாகக் கெடந்துச்சு. ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான், உப்பு அம்புட்டும் உள்ளயே கெடக்கு. விட்டிருந்தா மீனையும் கருவாடாக்கியிருப்பீங்க.”

“பொறவு நீ என்னத்த ஊத்துன?”

“உப்பெடுத்த பச்சை மூடிக் கேன் தண்ணி, கொஞ்சங் கொஞ்சமா.”

பச்சை மூடி போட்டு அனுப்புவது என் பிளாண்டு. என் நிறுத்தம் வந்ததும் இறங்கிவிட்டேன். ராஜபாளையத்தில் பவளம் விரிந்ததை யார் சொன்னாலும், தண்ணீர் என்னுடையது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.