தட்டினது யார்?

- மாமா, வலது கால் பெருவிரல் அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடுங்களேன்.

- அந்தக் கால் இல்லியேடா மாப்ள. முழங்காலுக்குக் கீழ முந்தாநாளே எடுத்துட்டாங்க.

- தெரியும். அதுக்குத்தான் இன்னும் தெரியல போல.

- இங்க பாரு, விளையாடாத. நாளைக்கு விசாரணை ஆபீசர் உன்கிட்ட நேர்ல கேக்க வர்றாரு. என்ன சொல்லப் போற?

- நடந்ததைத்தான். விமானத்தோட முன்சக்கரத்துல, தள்றதுக்கு முன்னாடி போடற பூட்டு ஊசியை மாட்டக் குனிஞ்சிருந்தேன். எழுந்து, எடுக்கலாம்னு கட்டைவிரலைக் காட்டறதுக்குள்ள நீங்க டிராக்டரை எடுத்துட்டீங்க. அவ்ளோ பெரிய விமானத்தைப் பின்னால தள்ளினா சும்மாவா? சக்கரம் என் கால் மேல ஏறிடுச்சு.

- நீதானடா தட்டின?

- நான் தட்டல.

- டங்குன்னு கேட்டுச்சே! இத்தனை வருஷமா நமக்குள்ள அதானே பழக்கம்? வண்டி மேல நீ ஒரு தட்டு தட்டுவ, நான் எடுப்பேன். விரலைக் காட்டி, எட்டிப் பாத்து, இதுக்கெல்லாம் எங்க நேரம்னு நீதானே ஆரம்பிச்சு வச்ச?

- பெட்டி ஏத்தற வண்டி உங்க டிராக்டர்ல இடிச்சுட்டுப் போச்சு மாமா. அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்டது. நீங்க திரும்பியே பாக்கல.

- மாப்ளையாச்சேன்னு நம்பினேன்டா. வேற எவனா இருந்தாலும் இறங்கிப் பாத்திருப்பேன்.

- சரிதான். சொந்தக்காரன்னு உரிமையா ஏத்திட்டீங்க.

- இங்க பாரு, விமானம் அரை நாள் நின்னுபோச்சு. உள்ள இருந்தவங்க லேட்டாகுதுன்னு ஒரே சத்தம். மேனேஜர் கொதிச்சுப் போயிருக்கான்.

- அடடா! நான் மன்னிப்புக் கேட்டதா எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.

- கிண்டல் போதும். அந்தத் தட்டற கதையை ஆபீசர்கிட்ட எடுக்காத. அதாவது, நீ எழுந்து விரலைக் காட்டின. நான் எடுத்தேன். என்னவோ ஞாபகம் வந்து நீ திரும்பக் குனிஞ்சுட்ட. அவ்ளோதான்.

- அப்போ தப்பு என் தலையில. அடிபட்டவனுக்கு உள்ள உக்காந்து பாக்கற வேலை ஏதாவது தருவாங்க, அதுவும் போயிடும். ஒத்தக் காலோட யார் வாசல்ல போய் நிக்கச் சொல்றீங்க?

- உனக்குப் போனது ஒரு கால். என் லைசென்ஸ் போச்சுன்னா வீட்ல நாலு வயிறு காயும். நீயே யோசிச்சுப் பாரு.

- வாயில நல்லா வருது மாமா. என் அக்காவைக் கட்டினவராச்சேன்னு அடக்கிக்கறேன். அவ எங்க? ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணுலயே படல.

- வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. உன்னைப் பாக்கத் தெம்பு இல்லைன்னு அழுதுட்டு இருக்கா.

- கூப்பிடுங்க. அவ ஒரு வார்த்தை சொல்லட்டும், நீங்க சொல்ற மாதிரியே சொல்லிடறேன். அம்மா போனதுக்கு அப்புறம் என்னை இடுப்புல தூக்கி வளத்தவ. செத்தாலும் சொல்ல மாட்டா.

- கூப்பிட வேணாம்டா, நானே வந்துட்டேன். கதவு திறந்துதான் இருக்கு. எல்லாம் கேட்டுச்சு.

- வாக்கா! மாமா கேக்கறதைப் பாத்தியா? இது நியாயமான்னு நீயே கேளு.

- நான் ஆபீசர்கிட்ட முந்தாநாளே சொல்லிட்டேன்டா.

- என்னன்னு?

- உன்னை ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போகும்போது நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, தப்பு என்னோடதுதான்க்கா, நான்தான் திரும்பக் குனிஞ்சேன்னு அழுததா சொன்னேன்.

- அப்படியா சொன்னேன்? வலியில உளறினேனா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையேக்கா.

- நீ சொல்லலடா. மாமாவுக்கு ஒண்ணும் ஆகலியேன்னுதான் கேட்ட.